தேடினேன், இல்லை

ஒரு அணிலை முன்னிட்டு மனிதனுக்கு வயிறு எரியுமா என்று கேட்பவர்கள் படக்காரரைப் பார்த்ததில்லை. அவருக்கு எரிந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க விடாமல் எரிந்தது.

படக்காரர் என்றதும் சினிமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். காட்டுயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வரைபடம் போடுகிறவர். எந்த விலங்கு இன்று எங்கே இருக்கிறது, வெயில் ஏறி, மழை தவறி, ஊர் பெருத்த பிறகு எங்கே போய் நிற்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு, வர வாய்ப்புள்ள இடத்துக்குச் சிவப்பு, வராத இடத்துக்கு நீலம் என்று தீட்டிக் கொடுப்பார். அந்த நிலையத்தில் வருடக்கணக்காக மேப்பு என்றால் அவர்தான். புதிதாக வருகிறவர்கள் காப்பி மெஷின் பக்கம் நின்று ஏதாவது சந்தேகம் கேட்டால், "மேப்பா? படக்காரரக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே மனிதர் தன் மேஜையில் நிம்மதியாக இருந்தார்.

இப்போது பேச்சு மாறிவிட்டது. "மேப்பா? சின்னவரக் கேளுங்க" என்கிறார்கள்.

சின்னவர் யாரோ வழியில் போகிற ஆள் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். சொந்த மச்சினன். மனைவியோடு கூடப்பிறந்த ஒரே தம்பி. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனை இதே நிலையத்தில் நுழைத்துவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் படக்காரரேதான். "அவன் உங்க கண்ணு முன்னாடி இருந்தா எனக்கு நிம்மதி" என்று மனைவி சொன்னாள். இவரும் பெரிய மனது பண்ணி இயக்குநரிடம் பேசினார். இப்போது அவன் இரண்டு மேஜை தள்ளி, காலை ஆட்டிக்கொண்டு, எல்லோருடைய சந்தேகத்தையும் தீர்த்துவைக்கிறான். கண்ணு முன்னாடி என்றால் அப்படி ஒரு கண்ணு முன்னாடி.

விவகாரம் சாம்பல் அணிலில் ஆரம்பித்தது. அது இந்தப் பக்கத்துப் பிராணி அல்ல. யாரோ ஒரு வசதியானவர் அழகுக்கு வாங்கி வளர்த்தார். கூண்டு உடைந்தது, அணில் ஓடியது, ஊர்ப் பூங்காக்களில் குட்டி போட்டுப் பெருகியது. உருவம் பெரிது, வால் அதைவிடப் பெரிது. மரப்பட்டையை உரிக்கும். கொட்டைகளை முற்ற விடாமல் தின்று தீர்க்கும். தன்னை ஒன்றும் செய்யாத ஒரு நோயைச் சுமந்துபோய் இங்கேயே பிறந்து வளர்ந்த சின்னப் பழுப்பு அணிலுக்கு ஒட்டிவிடும். சாம்பல் வந்த காட்டில் பழுப்பு தங்காது. முன்பெல்லாம் கடுங்குளிர் அதைத் தடுத்து நிறுத்தியிருந்தது. இப்போது குளிர்காலம் பேருக்குத்தான் வந்துபோகிறது.

பழுப்பு அணில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு காட்டில், ஊருக்கு வடக்கே நிற்கும் மலைக்குப் பின்னால். மலையின் தலை மொட்டைப் பாறை. அணில் அதில் ஏறிக் கடக்காது. சுற்றித்தான் போக வேண்டும். மேற்கே ஆற்றோரமாக ஒரு வழி, கிழக்கே கணவாய் வழியாக ஒரு வழி. நிலையத்திடம் இருக்கும் பொறிக்கூண்டுகளும் ஆட்களும் ஒரு வழியை அடைக்கத்தான் காணும். எந்த வழியை அடைப்பது? தப்பான வழியைச் சொன்னால் பழுப்பு அணிலின் கதை முடிந்தது.

படக்காரருக்கு அது வெறும் காடும் அல்ல. கல்யாணத்துக்கு முன்பு மனைவியை முதன்முதலில் வெளியே கூட்டிப்போனது அங்கேதான். பழுப்பு அணிலைக் காட்டுகிறேன் என்று வாய்ச்சவடால் அடித்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவள் கிளம்பலாமா என்று எழுந்த நேரத்தில் ஒன்று வந்து கிளையில் உட்கார்ந்து அவர் மானத்தைக் காப்பாற்றியது.

எந்த வழியை அடைப்பது என்று முடிவெடுக்க நிலையத்தில் கூட்டிய கூட்டத்துக்கு வருவோம். படக்காரர் எழுந்து தன் வரைபடத்தைத் திரையில் போட்டார். மேற்கே ஆற்றோரம் செக்கச்செவேல் என்று இருந்தது. அடர்ந்த மரம், தண்ணீர், நிழல், தின்னக் கொட்டை. அணிலுக்கு வேறென்ன வேண்டும்? கிழக்குக் கணவாய் வெறும் புதர், நீலம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் உட்காரப் போகும்போது மச்சினன் கையைத் தூக்கினான்.

"மாமா சொல்றது இன்னிக்கு இருக்கிற நிலவரத்துக்குச் சரி மேடம். ஆனா கணவாய்ல புதுசா வீடுங்க வந்துட்டு இருக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம் வச்சிருக்காங்க. குருவிக்குத் தீனி வைக்கிறாங்க. குளிரும் வருஷத்துக்கு வருஷம் குறையுது. இதையெல்லாம் சேர்த்து நான் ஒரு மேப்பு போட்டுப் பாத்தேன்."

போட்டுப் பார்த்தானாம். எப்போது போட்டான், யாரைக் கேட்டுப் போட்டான்? திரையில் கிழக்குக் கணவாய் நெடுக ஒரு சிவப்புக் கோடு, மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு, காட்டுக்குள் போய் இறங்கியது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் மனதில் பட்டுவிட்டது என்று அர்த்தம். படக்காரர் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறார். ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடி துடைக்கப்பட்டதில்லை.

"இது நாம யோசிக்காத கோணம்" என்றார் இயக்குநர். "ஆனா கணக்க மட்டும் நம்பி ஆளுங்கள அனுப்ப முடியாது. குளிர்காலம் முடியற வரைக்கும் ரெண்டு பக்கமும் தேடுங்க. எங்க பாக்கறீங்கன்னு பதிவு பண்ணுங்க. அந்த டேட்டாவ வச்சு ரெண்டு பேரும் திரும்பப் போடுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

வெளியே வந்ததும் மச்சினன் ஓடிவந்து, "மாமா, நான் பேசினது ஓகேவா? உங்களத் தப்பாச் சொன்ன மாதிரி இல்லையே?" என்று கேட்டான். முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. இருந்திருந்தால் படக்காரருக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"ம்" என்றார்.

வீட்டில் இதைவிட மோசம். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் தம்பி வந்தால் களைப்பு பறந்துவிடும். அவன் பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தான், சாப்பாடு இங்கே. அன்றைக்கு அவள் முகம் பூரித்துக் கிடந்தது.

"மேடம் என்ன சொன்னாங்களாம் தெரியுமா? யாருமே யோசிக்காத கோணமாம்."

"நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்."

"அதான் கேக்கறேன். உங்களுக்குப் பெருமையா இல்ல?"

"இல்லாம என்ன. ரொம்பப் பெருமையாத்தான் இருக்கு."

"அதுக்கு ஏன் தட்டப் பாத்துப் பேசறீங்க?"

மச்சினன் சிரித்தான். "அக்கா, விடு. மாமாகிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான் எல்லாம்." அதைக் கேட்டு மனைவிக்குக் கண் கலங்கியது. படக்காரருக்குக் காது புகைந்தது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். புகழ்கிறவனை என்ன செய்ய?

இப்போது அந்த நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படக்காரர் செய்த காரியம் விளங்காது. அணில் தேடப் போகிறவர்கள் போனில் ஒரு செயலி வைத்திருப்பார்கள். அதில் இரண்டே பொத்தான். ஒன்று, 'பார்த்தேன்'. இன்னொன்று, 'தேடினேன், இல்லை'. முதல் பொத்தானை அழுத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இரண்டாவதைத்தான் எவனும் தொடமாட்டான். காட்டில் நாள் முழுக்க அலைந்து ஒன்றும் காணாமல் வருகிறவனுக்கு அதை வேறு பதிந்துவைக்க மனம் வருமா?

வராது. அதனால்தான் படக்காரர் ஒரு காலத்தில் கண்ணில் விரலை விட்டு ஆட்டி அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். பத்துத் தடவை தேடி ஒரு தடவை பார்த்த இடமும், ஒரே தடவை தேடி அந்த ஒரு தடவையே பார்த்த இடமும் ஒன்றா? காணாததைப் பதியாவிட்டால் மேப்பு இரண்டையும் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது அணில் இருக்கிற இடத்தைக் காட்டாது, ஆள் போகிற இடத்தைக் காட்டும். இதைச் சொல்லிச் சொல்லி நிலையத்தில் எல்லோருக்கும் காது தேய்ந்துபோயிருந்தது. யாராவது சாவியைத் தொலைத்துவிட்டால், "பையில தேடினேன், இல்லை. பதிஞ்சுட்டேன் சார்" என்று அவரைக் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், கூட்டத்துக்கு அடுத்த நாள் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மேற்கே ஆற்றோரம் போனார். கிழக்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மச்சினனுடைய சிவப்பு. அதைப் போய் இவர் ஏன் தேட வேண்டும்? தேடிக் கிடைத்துவிட்டால்?

முதல் நாள் ஒன்றும் இல்லை. செயலியைத் திறந்தார். இரண்டாவது பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் போய் நின்றது. சும்மா ஒரு நோட்டம் பார்க்க வந்ததுதானே, இதைத் தேடல் என்று சொல்ல முடியாது என்று போனை உள்ளே வைத்தார். அடுத்த தடவை இருட்டிக்கொண்டு வந்தது; கண் தெரியாத வேளையில் பார்ப்பதைக் கணக்கில் எடுக்கலாமா? அதற்கடுத்த தடவை காற்று. காற்றில் எந்த அணில் வெளியே வரும்? ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. அவரிடம் வேலை பார்க்கிற ஒருவன் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்.

ஒருநாள் ஆற்றின் வளைவில் ஒரு மரத்தில் சாம்பல் வால் ஒன்று தொங்கியது. நிஜ அணில். வழி தப்பி வந்த ஒன்றோ இரண்டோ அங்கேயும் இருக்கத்தான் செய்தன. படக்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேறு யாரும் பார்த்திருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள், காட்டுக்கு ஆபத்து வந்துவிட்டதே என்று. இவர் அழுத்தினார், 'பார்த்தேன்'. மறுநாள் ஆபீஸில் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்திருந்தது. அதை மச்சினனின் மேஜைப் பக்கம் திருப்பி வைத்தார்.

அதன் பிறகு மனிதரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மாலையானால் ஆற்றோரம், விடுமுறையானால் ஆற்றோரம். வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடுவார். மச்சினனின் பிறந்தநாள் அன்று மனைவி எல்லாம் சமைத்துவைத்துக் காத்திருந்தாள். அன்றைக்கும் ஆபீஸ் வேலை. கொட்டுகிற மழையில், ஈரம் சட்டைக்குள் இறங்க, மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கேக் வெட்டி அவன் வாயில் ஊட்டுகிற இடத்தில் நின்று சிரிப்பதைவிட அது மேல் என்று இருந்தது. அன்றைக்கும் ஒன்றும் காணவில்லை. மழையில் தேடினது தேடலா என்று போனை மூடினார்.

எப்போதாவது ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, களப்பணியாளர்கள் அணில் வந்தால் படமெடுக்க மரங்களில் கட்டிவைத்திருந்த கேமராக்களையும் மேற்கே மாற்றினார்கள். கேமரா கூடினால் புள்ளி கூடும். புள்ளி கூடினால் ஆள் கூடும். கிழக்குக் கணவாய்ப் பக்கம் போவார் இல்லை.

மச்சினன் ஒரு தடவை கேட்டான். கேட்டவிதத்தில் ஒரு தயக்கம் இருந்தது.

"மாமா, கிழக்க புள்ளியே இல்ல. அணில் இல்லாததாலயா, ஆள் போகாததாலயான்னு புரியல."

"ஆள் போகாததுக்கு நானா பொறுப்பு?"

"அப்படிச் சொல்லல மாமா. இன்னொண்ணு. உங்க பேர்ல வந்ததுல 'தேடினேன், இல்லை' ஒண்ணுகூட இல்ல. அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

அதுவரை படக்காரர் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டும்தான். இப்போது வாயைத் திறந்து சொன்னார்.

"போனப்பெல்லாம் பாத்தேன். பின்ன எப்படி அதப் பதியறது?"

மச்சினன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி மாமா. அந்த வழக்கத்தக் கொண்டுவந்ததே நீங்க. உங்களப் போய்க் கேட்டேன் பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டு போனான். அவன் சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்திருந்தால் படக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

குளிர்காலம் முடிந்தது. இறுதிக் கூட்டம். படக்காரரின் வரைபடம் மேற்கே முன்னைவிடச் சிவந்து நின்றது. அடுத்து மச்சினன் எழுந்தான். அவன் திரையிலும் மேற்கே சிவப்பு. கிழக்குக் கோடு வெளிறி, தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது.

"புது டேட்டாவ வச்சுத் திரும்பப் போட்டேன் மேடம். மாமா ஆத்தோரம் போனப்பெல்லாம் பாத்திருக்காரு. அத மீறி என் கணக்கு நிக்காது. நான் நெனச்சது தப்பு. மாமா சொன்னதுதான் சரி."

அறை முழுக்கக் கைதட்டல். இயக்குநர் படக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். காப்பி மெஷின் பக்கம் போனபோது யாரோ ஒருவர், "மேப்புன்னா படக்காரர்தான்யா" என்றார். எத்தனை நாளாக அந்தப் பேச்சுக்கு ஏங்கியிருந்தார்! அது காதில் விழுந்தது. விழுந்தும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தோற்றவன் தோற்ற மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாலாவது ஜெயித்த சுகம் இருந்திருக்கும். அவனோ இவருக்கும் சேர்த்துக் காப்பி பிடித்துக்கொண்டு வந்து நீட்டினான். தோற்பதைக்கூட அவன் இவரைவிட நன்றாகச் செய்தான். அதிலும் வயிறு எரிந்தது.

கூண்டுகள் மேற்கே போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி, "கெளம்புங்க. ஜெயிச்சதுக்கு என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நம்ம காட்டுக்கே போலாம். எவ்ளோ நாளாச்சு" என்றாள். ஆற்றோரப் பாதையில் கூண்டு வைக்கிற வேலை நடந்துகொண்டிருந்ததால் வாகனம் விடவில்லை. கிழக்கே கணவாய் ரோட்டில்தான் போனார்கள். படக்காரர் அந்த ரோட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கால் வைத்ததில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு குருவித் தீனிக் கிண்ணம் தொங்கியது. அவர் ரோட்டை மட்டும் பார்த்து வண்டி ஓட்டினார்.

காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பழைய இடத்துக்கு நடந்தார்கள். கிளையில் ஒரு பழுப்பு அணில் இருந்தது. முன்னங்கால்களில் கொட்டையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, இன்னிக்கு நம்மளக் காக்க வைக்கல."

பிறகு அவளே, "ஏங்க, அது எந்த அணில்? வால் இவ்ளோ பெருசா இருக்கே" என்றாள்.

அதே மரத்தில், இரண்டு கிளைக்கு மேலே. சாம்பல் நிறம். தலைகீழாகத் தொங்கிப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தது. கீழே இருந்த பழுப்புக்கு அது தெரியவில்லை. உரித்த பட்டை அதன் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது.

படக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, கிழக்க காட்டுக்குள்ளயே வந்துருச்சு. எங்க கண்ணு முன்னாடி இருக்கு."

"நெஜமாவா மாமா? இருங்க, மேடமுக்குச் சொல்றேன்." அவன் குரலில் நான் அப்போதே சொன்னேன் என்பது துளிக்கூட இல்லை. காட்டைப் பற்றின பதற்றம் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். "மேடம் ஒத்துக்க மாட்டேங்கறாங்க மாமா. ஒரு அணிலப் பாத்துட்டு வச்ச கூண்ட எல்லாம் தூக்க முடியாதுங்கறாங்க. ஆத்தோரம் படக்காரர் போனப்பெல்லாம் பாத்திருக்காரே, அதுக்கு என்ன பதில்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது? மாமா, இந்தப் பக்கம் இதுவரைக்கும் எத்தன தடவ தேடினீங்க?"

"இதான் முதல் தடவ."

கணக்குத் தெரிந்தவனுக்கு அது போதும். ஒரு தடவை வந்ததில் ஒரு அணில்.

சும்மா இருந்துவிடலாம் என்று படக்காரருக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. யாருக்கும் தெரியாது. மேற்கே கூண்டு நிற்கும், மேப்பு என்றால் படக்காரர் என்ற பேச்சும் நிற்கும். இந்தக் காடுதான் நிற்காது. மனைவி இன்னும் பழுப்பு அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, ஆத்தோரம் போனப்பெல்லாம் நான் பாக்கல" என்றார். "எப்பவாவதுதான் பாத்தேன். மத்த நாளெல்லாம் சும்மாதான் திரும்பினேன். அதப் பதியல. நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

மனைவி அவர் கையை விட்டாள்.

"ஏன் மாமா?" என்றான் மச்சினன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"உன் மேப்பு ஜெயிக்கக் கூடாதுன்னு."

"வீட்டுக்கு வாங்க மாமா. எல்லாத்தையும் பதிஞ்சாதான் மேடம் நம்புவாங்க. இப்பவே பண்ணிடலாம்."

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மச்சினன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். விட்ட நாட்களைத் தேதியோடு படக்காரரின் பெயரில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நிலையத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். படக்காரருக்குப் பார்த்த நாட்கள் துல்லியமாக நினைவிருந்தன. பார்க்காத நாட்கள் நினைவில் இல்லை. மறக்கத்தானே அவ்வளவு பாடுபட்டார்.

நினைவு இருந்தது மனைவிக்கு. இப்போது எதிரே உட்கார்ந்து, மேஜையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"பொங்கின பாலக் கொட்டிட்டு நான் அழுதேனே, மருந்துக்கடையில என்கூட இருந்த பொண்ணு வேலைய விட்டுட்டுப் போன அன்னிக்கு. உங்களக் கூப்பிட்டேன். ஆபீஸ்னு சொன்னீங்க. எங்க இருந்தீங்க?"

"ஆத்தோரம்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"போடுங்க."

அவர் அழுத்தினார். தேடினேன், இல்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்து தம்பி கூட்டிட்டுப் போனானே டாக்டர்கிட்ட. செருப்பெல்லாம் சேறோட வந்தீங்க. மீட்டிங்னு சொன்னீங்க."

"ஆத்தோரம்தான்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"போடுங்க."

இப்படியே போனது. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. எந்த நாள் எந்தச் சட்டை ஈரமாக வந்தது, எந்த நாள் சாப்பாடு ஆறிப்போனது, எந்த நாள் அவள் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் படுத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் அழுத்தினார். மச்சினன் எதிலும் தலையிடாமல் கணக்கை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். திரையில் ஆற்றோரச் சிவப்பு வெளிற ஆரம்பித்தது. அவன் முதலில் போட்ட கிழக்குக் கோடு, கணவாய் நெடுக, மெல்ல ஊறி வந்தது. அதைப் பார்க்கையில் படக்காரருக்கு இன்னும் எரிந்தது. இத்தனைக்கும் பிறகா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. எரிந்தபடியேதான் அடுத்ததை அழுத்தினார்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் மனைவி. "தம்பி பொறந்தநாள்."

மச்சினன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்:

"அன்னிக்கு சரியான மழை மாமா. மழையில தேடினதத் தேடல்னு எடுத்துக்க வேணாம். விட்டுடலாம்."

விட்டுவிடலாம்தான். மழைக்கு அணில் வராது, எந்த மேடமும் கேட்கமாட்டார். படக்காரரே அன்றைக்குச் சொல்லிக்கொண்ட அதே நியாயம். இப்போது அதை அவன் கொண்டுவந்து நீட்டுகிறான், காப்பி நீட்டின மாதிரி.

"இல்ல மாப்ளே, எடுத்துக்க" என்றார். "அன்னிக்குத்தான் ரொம்ப நல்லாத் தேடினேன்."

பொத்தானை அவரே அழுத்தினார்.